மறுப்பு ஏதும் வரவில்லை

ஜூன் 3, திங்கள்

நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் தன்னைப் பற்றிய விவரம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். பெயர் பவளக்கொடி. வயது அறுபத்திரண்டு. ஊர் கோத்தகிரி. இடது முழங்கால் பழுது. சென்னைத் தலைமைச் செயலகத்தில், சட்டத்துறையில், முப்பத்திரண்டு ஆண்டுகள் மசோதா எழுதி ஓய்வு பெற்றவள். எழுதியதில் பெயர் பெற்றது கோழிப்பண்ணைக் கழிவு அகற்றல் சட்டம்.

கோழிக்கு அடுத்தபடி மனிதன். இன்று பெருந்தீவுக்கு வந்து இறங்கினேன், விமானத்தில். இதையும் சேர்த்து ஐந்து தீவு நாடுகள் ஒன்றாகி ஓர் ஒன்றியமாகப் போகின்றன. ஐந்துக்கும் பொதுவாக ஓர் அடிப்படை உரிமைச் சாசனம் வேண்டும். நாட்டுக்கு ஒருவராக ஐந்து பிரதிநிதிகள் பேசுவார்கள். அவர்கள் பேசுவதை வாக்கியமாக்கித் தர ஒரு செயலாளர் வேண்டும், தமிழில் எழுதத் தெரிந்தவராக. இருந்தவர்களில் சம்பளம் குறைவாகக் கேட்டது நான்தான் போலிருக்கிறது.

குழுவின் தலைவர் பெலிசியன் ஐயா, ஓய்வு பெற்ற நீதிபதி. என்னை அழைத்துப் போய்ச் சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினார். அதில் 41 என்று எழுதியிருந்தது. யாராவது ஒருவருக்குச் சம்மதம் இல்லாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட்டுவைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். எல்லோரும் ஒத்துக்கொண்டால் அடைப்பை எடுத்துவிடுவோம். வரைவில் இன்னும் நாற்பத்தோர் அடைப்புகள் பாக்கி.

"இந்த எண் குறையக் குறைய மனித குலம் முன்னேறுதுன்னு வச்சுக்கங்க," என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 5, புதன்

ஆறு மணி நேரம் விவாதம். காலையில் 41. மாலையில் 43.

ஜூன் 6, வியாழன்

எனக்குக் கொடுத்திருக்கும் தட்டச்சர் பெயர் அமலோற்பவம். நாற்பத்தாறு வயது. என் கையெழுத்தை முதல் நாளே தடுமாறாமல் படித்தவள். சென்னையில் மூன்று தட்டச்சர்கள் இதனாலேயே மாற்றல் கேட்டு ஓடியிருக்கிறார்கள்.

காலையில் வருகைப் பதிவேட்டைத் தேடும்போது, "பெரட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விரல்களை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"மேடம், அது எங்க ஆளுங்க சொல்லுல்ல? காலைல தோட்டத்துல பேர் கூப்பிடுவாங்களே, அதத்தான் எங்க தாத்தா பெரட்டும்பாரு."

அவளுடைய தாத்தாவைக் கிராம்பு பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்களாம்.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

"கோத்தகிரி."

"அங்கயும் பெரட்டுன்னுதான் சொல்லுவாங்களா?"

"எங்கயோ புத்தகத்துல படிச்சது," என்றேன்.

கோத்தகிரி என்பது பொய் இல்லை. ஒன்பது வயதிலிருந்து அதுதான் என் ஊர். மதியம் சுறாப்புட்டு. நன்றாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

இன்றைய தேதியைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பொன் இல்லாததால் நீல மை.

சாசனத்தில் பன்னிரண்டு பிரிவுகள் "மனிதர் ஒவ்வொருவருக்கும்" என்று தொடங்குகின்றன. பன்னிரண்டு இடத்திலும் "மனிதர்" என்ற சொல் அடைப்புக்குள் கிடக்கிறது. போட்டது கிராம்புத்தீவின் பிரதிநிதி ஒலிவியா நாகப்பன். "மனிதர்னா யார் வேணாலும் வந்துருவாங்களே" என்பது அவருடைய வாதம். ஒரு வாரமாக மனிதர் யார் என்று தர்க்கம் நடக்கிறது. எனக்கோ பசி. பசியில்தான் ஞானம் பிறந்தது. "குடிமக்கள் ஒவ்வொருவருக்கும்னு போட்டுட்டா எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்டேன்.

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஐந்து தலைகளும் ஆடின. ஆமைத்தீவின் கப்ரியேல் ஐயா தலை ஆடியதற்குத் தூக்கம் காரணமாக இருக்கலாம், ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். ஒரே வீச்சில் பன்னிரண்டு அடைப்புகள் காலி. பெலிசியன் ஐயா கரும்பலகையில் 43-ஐ அழித்து 31 என்று தம் கையாலேயே எழுதினார். எனக்கு ஒரு பொன்னாடை. அதைப் போர்த்திக்கொண்டு எடுத்த படத்தைச் சட்டத்துறை ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருபத்து மூன்று கட்டைவிரல்கள் வந்தன.

அமலோற்பவம் பன்னிரண்டு இடத்திலும் மாற்றி அடித்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கரும்பலகையில் இன்று 0. கூட்டாகப் படம் எடுத்துக்கொண்டோம், பூஜ்யத்தின் முன்னால்.

இனி இருப்பது மௌன விதி. திங்கட்கிழமை வரைவை ஐந்து நாடுகளுக்கும் அனுப்புவோம். 28-ஆம் தேதி, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எந்த நாடும் மறுப்புப் படிவம் அனுப்பாவிட்டால் சாசனம் ஏற்கப்பட்டதாகிவிடும். கை தூக்க வேண்டாம், ஓட்டுப் போட வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிறகு நான் ஒரு சான்றிதழில் கையெழுத்திடுவேன். அதில் ஒரே வரிதான்: "மறுப்பு ஏதும் வரவில்லை." எனக்குள்ள ஒரே அதிகாரம், ஒன்றும் நடக்கவில்லை என்று சான்றளிப்பது.

ஜூலை 8 அன்று கையெழுத்து விழா. மற்ற பிரிவுகள் அமலுக்கு வர ஓர் ஆண்டாகும். தீவு விட்டுத் தீவு போகும் உரிமையைச் சொல்லும் நான்காம் பிரிவு மட்டும் அன்றைக்கே அமல். கிராம்பு வியாபாரிகளுக்கு அவ்வளவு அவசரம்.

ஜூன் 15, சனி

குழுவினர் எல்லோரும் கப்பலில் ஆமைத்தீவுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். முழங்கால் வலி என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். உட்கார்ந்து போகும் கப்பலுக்கு முழங்கால் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கப்ரியேல் ஐயா மட்டும் திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்தார். முன்னாள் மீனவர், எண்பது வயது. கூட்டத்தில் தூங்குவதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் கிடையாது.

ஜூன் 18, செவ்வாய்

அமலோற்பவம் காலையில் வந்து நின்றாள். "அரை நாள் லீவு வேணும் மேடம். பாஸ் ஆபீசு வரைக்கும் போகணும்."

அரை நாள் கேட்டவள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மூணாந்தடவையும் இல்லன்னுட்டாங்க மேடம்."

கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினாள். தோட்டத்து வேலைக்குக் கொண்டுவந்தவர்களின் வம்சத்துக்கு ஐந்து நாடுகளில் எதுவும் குடியுரிமை கொடுக்கவில்லையாம். அட்டைதான் கொடுத்திருக்கிறார்கள். அட்டை வைத்திருப்பவர் கப்பலேற வேண்டுமானால் கடல் பாஸ் வேண்டும். அவளுடைய ஒரே மகள் ஜெனோவா கிராம்புத்தீவுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கே இருக்கிறாள். அடுத்த மாதம் தலைப்பிரசவம்.

"அவளப் பாத்து ஆறு வருசமாச்சு மேடம். கல்யாணத்தக்கூட போட்டோலதான் பாத்தேன். நீ எந்த நாட்டு ஆளுன்னு கவுண்டர்ல கேக்குறான். ஒரு நாடும் இல்லன்னு அட்டையிலயே போட்டிருக்குய்யான்னேன். அப்ப நாடு கெடச்சதும் வான்றான்."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரி. "கவலப்படாதீங்க. ஜூலை எட்டாம் தேதிக்கு அப்புறம் பாஸே வேண்டாம். நாலாம் பிரிவு வந்துருது. ஒவ்வொருத்தரும் தீவு விட்டுத் தீவு..."

அங்கே நின்றுவிட்டேன்.

"நாலாம் பிரிவ நான்தானே மேடம் டைப் அடிச்சேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "டீ போடட்டுமா?"

ஜூன் 19, புதன்

துணி துவைத்தேன். பொன்னாடையையும் துவைத்தேன். சாயம் போய் இரண்டு ஜாக்கெட்டுகள் வீணாயின.

ஜூன் 20, வியாழன்

வீரமாகக் கிளம்பி ஒலிவியா நாகப்பனைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே வீரத்தில் பாதி இறங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. பப்பாளி நறுக்கிக் கொடுத்தார்.

"எங்க தீவோட சனத்தொக ஒம்பதாயிரம். அட்டக்காரங்க நாலாயிரம். நாளைக்கே மனுசங்க எல்லோருக்கும் உரிமைன்னா, நெலம் கேப்பாங்க, ஓட்டு கேப்பாங்க. எங்க ஆளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "அந்த வார்த்தயக் குடுத்ததே நீங்கதானே மேடம்," என்றார்.

பப்பாளித் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்து பெலிசியன் ஐயா. நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"அம்மா, செயலாளருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. மறுப்புச் சொல்ற உரிமை நாடுகளுக்குத்தான். பூஜ்யத்துக்கு வந்து சேர நாம பட்ட பாடு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை. நான் பிடித்த குரங்குக்குப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

மூன்று வாரமாகச் சுற்றி வளைக்கிறேன். என் நாட்குறிப்பில் என்னிடமே மழுப்புவது கொஞ்சம் அதிகம். எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் அங்கேயே பிறந்தவர்கள்தான், ஆனால் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்பாவுக்கு இந்தியா என்று வந்தது. வள்ளியம்மா அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது, அவள் புருஷன் வீட்டுக்கு இலங்கை என்று வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அக்கா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். என் ரிப்பனை அவிழ்த்து மறுபடியும் கட்டிவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை. பிறகு தலைமன்னாரில் கப்பல் (அதற்கப்புறம் நான் கப்பலேறியதே இல்லை), மண்டபம் முகாம், கோத்தகிரி.

"எந்த ஊருன்னு கேட்டா கோத்தகிரின்னு சொல்லு, போதும்," என்றார் அப்பா. நான் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. ஐம்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவை அதன் பிறகு பார்க்கவே இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் அவள் செத்துப்போனாள், கடிதம் பதினோரு நாள் கழித்து வந்தது. அன்றைக்குச் செயலகத்துக்கு லீவு போடவில்லை. லீவுக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டியிருக்கும் என்பதால்.

இப்படிப்பட்டவள்தான் மனிதரை வெட்டிவிட்டுக் குடிமக்களைப் போட்டவள். அப்பாவை, அம்மாவை, ஒன்பது வயதுப் பவளக்கொடியை, பன்னிரண்டு இடத்தில் நானே அடித்து நீக்கியிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பசி என்று எழுதிவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

காலை முழுவதும் எந்த நாடாவது மறுப்பு அனுப்பும் என்று காத்திருந்தேன். எவராவது துணிந்தால் எனக்கு வேலை மிச்சம் என்ற நல்லெண்ணம்தான். பன்னிரண்டு மணிக்கு இரண்டு வடை. இரண்டு மணிக்குப் பென்சில்களைச் சீவினேன். பென்சிலில் எழுதி எனக்குப் பதினைந்து வருடமாயிற்று.

நாலு நாற்பதுக்கு அலமாரியைத் திறந்து ஒரு மறுப்புப் படிவத்தை எடுத்தேன். அமலோற்பவத்திடம் சொல்லவில்லை. சொன்னால் பின்வாங்க முடியாது என்று உள்ளுக்குள் ஒரு தந்திரம். முதல் கட்டத்தில் "நாடு" என்று இருந்தது. அதில் "இல்லை" என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், "மனிதர் என்ற சொல்லைத் திரும்பவும் வைக்க வேண்டும்" என்று எழுதினேன். கீழே என் பெயர். பிறகு எழுந்து போய், எனக்கு நானே அனுப்பிய தபாலை நானே வாங்கி, "பெறப்பட்டது" என்ற முத்திரையை நானே குத்தினேன். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஐந்து மணிக்குப் பெலிசியன் ஐயா சான்றிதழோடு வந்தார். படிவத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இது செல்லாதும்மா."

"செல்லாதுதான் ஐயா. ஆனா வந்துருச்சு. மறுப்பு ஏதும் வரவில்லைன்னு நான் கையெழுத்துப் போட முடியாதே."

"யாரு அனுப்புனா?"

"நான்."

"யாரு வாங்குனா?"

"நான்தான் ஐயா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விதிப்படி சான்றிதழ் இல்லாவிட்டால் கூட்டம் கூட வேண்டும். திங்கட்கிழமை கூடுகிறது. போகும்போது கரும்பலகையில் பூஜ்யத்தை அழித்து 1 என்று எழுதிவிட்டுப் போனார்.

ஜூலை 1, திங்கள்

பெலிசியன் ஐயா தொடங்கினார். "இந்த மறுப்புக்கு நாடு இல்ல. நாடு இல்லாத மறுப்பைக் குழு எடுத்துக்க முடியாது. செயலாளர் ஏன் இப்படிச் செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லிட்டு உக்காரலாம்."

நான் எழுந்து நின்றேன். நாலு நிமிடம் பேசியிருப்பேன். மொத்தத்தில் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. லயத்தைச் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். வள்ளியம்மா என்று அக்காவின் பெயரைச் சொன்னேன். ஓர் அலுவலகத்துக்குள் அந்தப் பெயரை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில், "குடிமக்கள்ங்கற சொல்லைக் கொண்டுவந்தது நான். அதனால எடுக்கச் சொல்ல வேண்டியதும் நான்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பெலிசியன் ஐயா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வருத்தமான விசயந்தான். ஆனா விதின்னு ஒண்ணு..."

"யம்மா." கப்ரியேல் ஐயாவின் குரல். விழித்திருந்தார். "அந்தக் கட்டத்துல நாடு எழுதணுமாமுல்ல. எங்க தீவு பேர எழுதிக்க."

"கப்ரியேல், யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் பெலிசியன் ஐயா.

"என்னத்த யோசிக்க? கடல்ல ஒருத்தன் தத்தளிச்சா அட்டயப் பாத்தா கயிறு போடுறோம்? எங்க தீவுல மொத்தம் எண்ணூறு பேரு. கரையில எறங்குனவன் எவனும் எங்களுக்கு ஆளுதான். எழுதிக்கம்மா."

"இல்லை" என்பதை அடித்துவிட்டு "ஆமைத்தீவு" என்று எழுதினேன். அவர் கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டிக்கொண்டு வந்தார், பிறகு நினைவு வந்து கையெழுத்தே போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் சண்டை. ஒலிவியா நாகப்பன் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுப்பு இருக்கும்வரை நான்காம் பிரிவு அமலுக்கு வராது, அது வராவிட்டால் கிராம்பு வியாபாரிகள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். கடைசியில், "நாலாம் பிரிவுல மட்டும் மனிதர்னு போட்டுக்கங்க. போகட்டும், வரட்டும். மத்த பதினொண்ணுல குடிமக்கள்தான். அதுல நான் எறங்க மாட்டேன்," என்றார்.

கப்ரியேல் ஐயா என்னைப் பார்த்தார். நான் அமலோற்பவத்தைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையை அசைத்தாள். பன்னிரண்டில் ஒன்று. வெட்டியது பன்னிரண்டு, ஒட்ட முடிந்தது ஒன்று. இதைச் சாதனை என்று எவருக்கும் படம் எடுத்து அனுப்ப முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

விழா நடக்கும் வாரத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்தது. கோழிப்பண்ணை உலகம் என்னை மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

அமலோற்பவம் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, "ஒங்க அக்கா மாதிரியே இருப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. படம் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். பிறகு இருவரும் நான்காம் பிரிவைப் பிழை திருத்தினோம்.

ஜூலை 8, திங்கள்

கையெழுத்து விழா. ஐந்து பேனா, ஐந்து கொடி, ஏழு பேச்சு. கப்ரியேல் ஐயா ஏழிலும் தூங்கினார்.

ஜூலை 9, செவ்வாய்

அமலோற்பவம் இன்று வேலைக்கு வரவில்லை.

விழா நிகழ்ச்சிக் குறிப்பை நானே தட்டச்சு செய்ய நேர்ந்தது. இரண்டே விரல். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். "மாண்புமிகு" என்பதை நாலு விதமாக அடித்துவிட்டேன். பதினொரு மணிக்குப் பெலிசியன் ஐயா எட்டிப் பார்த்தார்.

"தட்டச்சர் எங்க?"

"கிராம்புத்தீவுக்குப் போயிருக்காங்க ஐயா. காலைக் கப்பல்ல."

"யாரக் கேட்டுப் போனாங்க?"

"லீவுக்கு என்னைக் கேட்டாங்க. கப்பலுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல ஐயா."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த எழுத்தைத் தேடத் தொடங்கினேன்.